உள்ளே விட்ட துணி

என் அருமை வீட்டுக்காரிக்கு,

இங்கே இருவரும் சுகம். ஊருக்கெல்லாம் ஊசி போடும் நர்ஸம்மாவிடம் நலமா என்று கேட்கக் கொஞ்சம் பயம்தான். இருந்தாலும் கேட்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று பதறாதே. போனில் பேசும்போது நம் மகள் என் தோளை ஒட்டியே நிற்கிறாள். இது அவளைப் பற்றிய விஷயம்.

அவள் வகுப்பில் நாலைந்து பெண்கள் ஒரு கூட்டம். அவர்கள் சிரித்தால்தான் வகுப்பே சிரிக்குமாம். யூனிபார்ம் பேண்டைக் காலோடு ஒட்டப் பிடித்துப் போடுவது அவர்கள் கொண்டுவந்த ஃபேஷன். அப்பா டெய்லர் என்றதும் நம் மகளுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். "அங்கிள், நீங்க செம!" என்றார்கள். பத்தாவதைத் தாண்டாத எனக்குத் தலைகால் புரியவில்லை. கூலிகூட வாங்கவில்லை, திட்டாதே.

பின்னால் பிரித்துவிடலாமே என்று எல்லாவற்றிலும் உள்ளே துணி விட்டுத்தான் தைத்தேன். நம் மகள் மட்டும், "உள்ள தடிப்பாத் தெரியுதுப்பா, வெட்டிடுங்க" என்று அடம்பிடித்தாள். வெட்டிவிட்டேன்.

பிறகு நம் மகளின் பழைய தோழி, மூக்குக் கண்ணாடி போட்ட நம் 'கண்ணாடி' வந்தாள். நீ கிளம்பிய அன்று நம் மகளைக் கட்டிக்கொண்டு, உன்னைவிடச் சத்தமாக அழுதாளே, அவள்தான். கொஞ்ச நாளாகவே நம் வீட்டுப் பக்கம் காணோம். "எனக்கும் அவங்க மாதிரியே பிடிச்சுக் குடுங்க அங்கிள்" என்றாள். கொடுத்தேன். அதற்கு நம் மகள் என்னை உலுக்கி எடுத்துவிட்டாள். "அவளும் போட்டா அவங்க வேற ஸ்டைலுக்கு மாறிடுவாங்கப்பா. உங்களுக்கு ஒண்ணுமே புரியாது!"

புரியாததுதான். ஆனால் அவள் சொன்னபடியே ஆயிற்று. போன வாரம் கூட்டம் மொத்தமும் வந்து, பிரித்துத் தொளதொளவென்று ஆக்கச் சொன்னது. நம் மகளுடையதில் பிரித்துவிடத் துணி இல்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் இடத்தில் பையை வைத்து, ஆள் வருகிறது என்றார்களாம். கடைக்கு வந்து, துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதாள்.

வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்த அவள் புத்தகப் பையைக் கண்ணாடிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். உன் பேண்டில் துணி இருக்கிறது, பிரித்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். மேசைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தாள். "வேணாம் அங்கிள், இதுவே நல்லாருக்கு" என்றாள். நல்லா இல்லை, தைத்தவன் எனக்குத் தெரியாதா? நம் மகள் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள், அந்தப் பேண்டில் முடியவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. நான் காது கேளாதவன் போல மெஷினை மிதித்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நம் மகள் உன்னிடம் தொளதொள பேண்ட் கேட்பாள். தூரத்தில் இருக்கிறோமே என்று நீ உடனே சரி சொல்லிவிடுவாய். இந்த ஒரு தடவை இழுத்தடி. அப்பாவுக்கு வேலை அதிகம் என்று சொல். அலமாரியில் யூனிபார்ம் துணி இருப்பது நமக்குள் இருக்கட்டும். கண்ணாடி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேள்.

உனக்கு வெட்டிய கோட்டு இன்னும் அரைகுறையாகத்தான் தொங்குகிறது. உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். நீ இளைத்திருந்தாலும் சரி, பெருத்திருந்தாலும் சரி, வந்து போட்டுக் காட்டினால்தான் முடிக்க முடியும்.

இப்படிக்கு,
தலைகால் ஓரளவு புரிந்துவிட்ட
உன் டெய்லர்