ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய பாடு

ஏரிக்கரைக் குப்பம்,
எளாவூர் வழி,
14-8-1971

என் கண்ணான மகன் சின்னராசுவுக்கு அம்மா எழுதுவது. கல்கத்தாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கச் செல்லியம்மன் காவல் இருப்பாள். இங்கே நானும் உன் தங்கை குணசுந்தரியும் சுகம். உன் நைனாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நடக்கிறார், சாப்பிடுகிறார், உட்கார்ந்த இடத்தில் வலைகூடத் தைக்கிறார், ஆனால் பேச்சு சரியாகவில்லை. படகில் மயங்கி விழுந்தவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை முன்பே எழுதினேன். அங்கே டாக்டரம்மா அவரைச் சோதித்துப் பார்த்தார். மீன் என்றால் மீன் என்கிறார். மீன், கல் என்றால் அதையும் சொல்கிறார். மீன், கல், துடுப்பு என்றால் துடுப்பு மட்டும் நிற்கிறது, முன்னால் சொன்னது போய்விடுகிறது. காதும் அறிவும் நன்றாக இருக்கின்றன, கேட்ட பேச்சைப் பிடித்து வைக்கும் இடம்தான் மூளையில் ரத்தம் அடைத்ததால் கெட்டுவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுங்கள் என்றார் அந்த அம்மா. நம் குப்பத்தில் யார் கேட்கிறார்கள்? செவிடு என்று நினைத்து ஆளாளுக்கு வந்து அவர் காதில் நீட்டி முழக்குகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று கோயில் முன்னால், ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று பாடு பிரித்தார்கள். வழக்கம் உனக்குத் தெரியும், ஏரியில் எந்தத் தண்ணீர், எந்த முறை, யார் கூட்டாளி என்று தலைவர் சொல்வதைச் சீட்டு விழுந்தவன் ஒரே மூச்சில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், தவறினால் அந்த வருஷம் அவன் வலைக்குத் தண்ணீர் கிடையாது. அது போனால் எங்கள் அடுப்பு எரியாது. சீட்டு நைனா பேருக்கு விழுந்ததுமே உன் சித்தப்பா துலுக்காணம் எழுந்து, "அண்ணனுக்கு வாயே இல்ல, இன்னாத்த சொல்லப் போறாரு? பாடு எம் பேர்ல இருக்கட்டும்" என்றார். கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா அது! தலைவர் தேசப்பன் சொன்னார், "வடக்கு முகத்துவாரம், ரெண்டாம் முறை, கூட்டாளி குப்பன்." நைனா வாயைத் திறந்து, "குப்பன்" என்றார். அதோடு நின்றுவிட்டார். பெண்கள் நிற்கும் இடத்திலிருந்தே, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன். "இன்னாம்மா, பொம்பளைங்க நடுவுல பேசிக்கினு" என்று முறைத்தாலும் தலைவர் மனசு இளகி ஒவ்வொன்றாகச் சொன்னார். நைனா மூன்றையும் சொல்லிவிட்டார். சித்தப்பா விடவில்லை, இது செல்லாது, சேர்த்துச் சொல்லட்டும் என்று குதித்தார். நைனா மறுபடி முயன்றார், நெற்றி நரம்பு புடைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "போடா பேமானி!" என்றார் பாரு, மணி அடித்தாற்போல! கூட்டமே சிரித்துவிட்டது. வசவு மட்டும் பழுதாகாமல் இருக்குமாம், டாக்டரம்மா அன்றே சொன்னார். தலைவரும் சிரித்தபடி நைனாவைக் காட்டி, "இந்த வருசம் தண்ணி ராஜவேலுக்குத்தான். வர்ற வருசம் ஒரே மூச்சுல சொல்லணும், இல்லாங்காட்டி மவன் வந்து நிக்கணும்" என்று முடித்தார்.

அதுதான் ராசு, எனக்கு இப்போது யோசனை. வருகிற தை மாதம் கப்பல் பட்டறையில் உன்னை நிரந்தரமாக்குவார்கள் என்று எழுதியிருந்தாய். விட்டுவிட்டு வந்தால் அந்த வேலை திரும்பக் கிடைக்காது. வராவிட்டால் இந்தத் தண்ணீர் போய்விடும். நைனாவிடமே கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து, பையன் வரட்டுமா என்றேன். வேணாம் என்றார். அவர் இப்போது சோற்றையும் வேணாம் என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொள்கிற மனுஷன். அதனால் மாற்றிக் கேட்டேன், பையன் அங்கேயே இருக்கட்டுமா என்று. அதற்கும் வேணாம் என்றார். ஆனால் அப்போது பிடித்த என் கையை வெகுநேரம் விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எது அவர் பதில் என்று எனக்குத் தெரியவில்லையப்பா. வா என்று நான் எழுதவில்லை, வராதே என்று எழுதவும் மனசில்லை.

வெயிலில் அலையாதே, ஒழுங்காகத் தூங்கு. அம்மன் உன்னை நூறு வயசு வாழ வைப்பாள். ஒன்றை மறக்காதே, நைனாவுக்குத் தனித் தாளில் பதில் எழுது. வருகிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது, தங்கை அவருக்குப் படித்துக் காட்டுவாள். ஏன் என்று எழுதாதே ராசு, எழுதினால் பதில் அவரிடம் நிற்காது.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பச்சையம்மா