ஒன்பது விநாடிப் பார்வை

மார்ச் 3, செவ்வாய்

இன்று திரைப்படக் கல்லூரியில் பேசினேன். என் கேங்ஸ்டர் படம் வந்து பதினைந்து வருடம் ஆகிறது, இன்னும் அதே கேள்வி. "சார், அந்த ஒன்பது விநாடி எப்படித் தோணிச்சு?" தம்பியைக் கொல்லச் சொல்வதற்கு முன்னால் தாதா பேசாமல் ஓரமாகப் பார்ப்பானே, அந்தக் காட்சி. என்னிடமும் அதே பதில். "நடிகர்கிட்ட, கதவோரமா உங்க சாவு நிக்குது, அதைப் பாருங்கன்னு சொன்னேன்." கைதட்டல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தப் பொய்யைப் பிசகாமல் சொல்வேன்.

அதற்குப் பிறகு எடுத்த மூன்று படங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. புண்ணியவான்கள்.

மார்ச் 6, வெள்ளி

தயாரிப்பாளர் கூப்பிட்டார். அந்தப் படத்தின் இரண்டாம் பாகம். நான்தான் இயக்க வேண்டுமாம். ஆறு வருடம் கழித்து ஒருவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறார்.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அக்கா வருவாங்களா?" என்றாள். எடிட்டரைத்தான் கேட்கிறாள். யூனிட் முழுக்க அவர் அக்காதான். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முதல் கேள்வியே இது. "ஊர்ல எடிட்டருக்கா பஞ்சம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"அதான் மூணு படத்துல பாத்தோமே" என்றாள்.

மார்ச் 7, சனி

இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்குக் காலையில்தான் வசனத்தை மாற்றினேன். வசனம் எடுத்துக்கொடுக்கும் உதவி இயக்குநருக்குக் காய்ச்சல். அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் நானே நின்று எடுத்துக்கொடுத்தேன். நடிகருக்குப் பாதியில் வரி மறந்துவிட்டது. கண்ணை என் பக்கம் திருப்பினார். எனக்கும் மறந்துவிட்டது! நானே எழுதிய வரி! காகிதத்தைத் தேடி ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவினேன். நான் 'கட்' சொல்லாமல் அந்த மனிதர் இம்மி நகரமாட்டார். ஒன்பது விநாடி. அவர் பார்த்தது சாவை அல்ல, என் பேன்ட் பாக்கெட்டை.

எடிட்டிங் அறையில், "குப்பை, தூக்கிப் போடுங்க" என்றேன். "வெளிய போய் டீ குடிச்சிட்டு வா" என்றார் அக்கா. திரும்பி வந்தால் வசனம் மொத்தமும் காணோம், பார்வை மட்டும் இருக்கிறது. இரண்டு நாள் சண்டை போட்டேன். நல்லவேளை, தோற்றேன்.

படம் வந்தது, விருது வந்தது. முதல் பேட்டியிலேயே அந்தப் பார்வையைப் பற்றிக் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். அக்கா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் என் படம் எதையும் அவர் தொடவில்லை. நானும் 'போனா போகட்டும்' என்று திமிராகத் திரிந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

அக்காவின் அறைக்குப் போனேன். ஏதோ சோப்பு விளம்பரம் வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே "உக்காரு" என்றார். இரண்டாம் பாகம் என்றேன், நீங்க இல்லாம முடியாது என்றேன்.

"அந்தப் பார்வைக்கு இன்னும் அதே கதைதான் சொல்லிட்டிருக்கியா?"

மேஜையில் எனக்காக வைத்திருந்த டீயைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

"டீ ஆறுது, குடி." அவ்வளவுதான்.

மார்ச் 21, சனி

பதினைந்தாம் ஆண்டு விழா. படத்தை மறுபடி போட்டார்கள், அரங்கு நிறைந்து வழிந்தது. மேடையில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வரி மறந்தது, பாக்கெட்டைத் துழாவியது, குப்பை என்றது, அக்கா காப்பாற்றியது.

சிரித்தார்கள். பேன்ட் பாக்கெட் என்றதும் அரங்கமே அதிர்ந்தது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக்கை வாங்கி, "எவ்ளோ பெரிய மனசு பாருங்க! தன்னோட புகழைத் தூக்கி அப்படியே எடிட்டருக்குக் கொடுக்கறாரு!" என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

யோவ், நான் பொய் சொன்னவன்யா! பதினஞ்சு வருஷமா உங்களை ஏமாத்தினவன்யா! யார் காதில் ஏறுகிறது? தன்னடக்கமாம்.

மார்ச் 22, ஞாயிறு

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நேத்து விழா வீடியோ பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அக்கா."

"சொன்னே. நான் வேணும்னு ஆனப்புறம் சொன்னே."

பிறகு, "வேற ஆளைப் பாத்துக்கோ. உடம்பைக் கவனிச்சுக்கோ" என்று வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னதில் என்ன தப்பு? இந்த வாய்ப்பு வராமலிருந்தால் அந்த மேடையில் வாயைத் திறந்திருப்பேனா?

இல்லை. மாட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். எடிட்டர் யார் என்று மனைவி இந்தத் தடவை கேட்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

முதல் கட்டப் படப்பிடிப்பு முடிந்தது. புது எடிட்டர் மரியாதையான மனிதர். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கிறார்.

ஆஸ்பத்திரிக் காட்சியைப் போட்டுக் காட்டினார். தாதாவின் மகன் படுக்கை அருகில் நிற்கிறான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கேயோ இடித்தது. மறுபடி ஓட்டச் சொன்னேன். இன்னொரு தடவை. எங்கே இடிக்கிறது என்று பிடிபடவில்லை.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க எடுத்தது சார், குறை சொல்ல நான் யாரு? எங்க வெட்டணும்னு சொல்லுங்க, வெட்டிடறேன்." நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு காத்திருந்தார்.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பிரமாதம்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.