புல்லுக்கு ஏன் வரைபடம்

1999 ஜனவரி 19, செவ்வாய்

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்த நாட்குறிப்புக் கொப்பியிடமா? பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். துறைமுகத்தில் நேவிக்காரர் தண்ணீருக்குள் வெடி போடும் ஒவ்வொரு தரமும் யன்னல் அதிர்கிறது. அவள் திடுக்கிட்டு என் சட்டையைப் பிடிக்கிறாள். பதினாலு மாதக் குழந்தைக்கு அது கடல் என்று எப்படிச் சொல்வது? இவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. பகலெல்லாம் துறைமுகக் கந்தோரில் வேலை செய்து பழகிவிட்டார்.

இன்று தம்பலகாமத்தில் முதற் கூட்டம். குளக்கட்டில் மருத மரத்தின் கீழ் பதினான்கு மாட்டுக்காரர். அந்த ஊர்த் தமிழர் எட்டுப் பேர், கிண்ணியா முஸ்லிம்கள் ஆறு பேர். காட்டுப் பக்கத் தரையை ஆமி மூடிவிட்டது. வயல் விதைத்துக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய துண்டில்தான் எல்லாருடைய மாடும். அந்தத் தரை கெடுகிறதா இல்லையா என்பதற்கு மாட்டுக்காரர் தாங்களே கூடிப் பேசிச் சில சுட்டிகளைத் தீர்மானிக்க வேண்டும், மாதக்கணக்கில் தாங்களே பார்த்துக் குறிக்க வேண்டும். அதைக் காட்டி, மூடிய தரையில் ஒரு பகுதியைத் திறந்துவிடும்படி கச்சேரியில், அரசாங்க அதிபரிடம் கேட்கலாம். கொழும்பிலிருந்து எங்கள் கந்தோர் அனுப்பிய திட்டம் இதுதான், இங்கே நடத்துவது நான்.

"சுட்டி, கிட்டி எண்டு சொல்லாதீங்க மிஸ். அடையாளம் எண்டு சொல்லுங்க" என்றார் அபூதாஹிர். கிண்ணியாவில் எல்லாருக்கும் அவர் காக்கா, அண்ணன்.

மட்டையில் முதற் கேள்வியை எழுதினேன்: உங்கள் பட்டியில் எத்தனை மாடு? ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். கடைசியில் தம்பலகாமத்து வீரக்குட்டி அண்ணன் துண்டை உதறினார்.

"மாட்டை எண்ணக் கூடாது பிள்ளை. எண்ணினா குறைஞ்சு போகும்."

"அப்ப ஒண்டு காணாமப் போனா எப்படித் தெரியும்?"

"எண்ணித் தெரியிறது கடைக்காரனுக்கு. எங்களுக்கு இல்லாதது தெரியும்."

அபூதாஹிர் காக்கா சிரித்தார். "மிஸ், உங்கட வீட்டில எத்தன பேர் எண்டு எண்ணிப் பார்த்தா சோறு போடுறீங்க?"

கம்பசில் நாலு வருடம் படித்தேன். ஒரு ஏக்கருக்கு எத்தனை தலை என்பதுதான் அங்கே முதற் பாடம். மட்டையைத் திருப்பி வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 2

இரண்டாம் கூட்டம். சந்தோஷமான நாள். சண்டை பிடித்துச் சண்டை பிடித்தே ஐந்து அடையாளங்கள் வந்துவிட்டன.

கன்று குடித்த பிறகும் தாயின் மடியில் பால் மிச்சம் இருக்கிறதா. உச்சிப் பொழுதுக்கு முன்பே மாடு வயிறு நிறைந்து படுக்கிறதா. சாணத்தை வண்டு உருட்டிக்கொண்டு போகிறதா. அறுகம்புல் இருந்த இடத்தில் எருக்கலைச் செடி ஏறுகிறதா. ஐந்தாவது வீரக்குட்டி அண்ணன் சொன்னது: பொழுது சாய மாடு தானாகப் பட்டிக்குத் திரும்பி வருகிறதா. தரையில் புல் இருந்தால் வரும். இல்லாவிட்டால் அலைந்துகொண்டே போகும், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அபூதாஹிர் காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அது தரையின்ர பிழையில்ல, உன்ர மாட்டின்ர பிழை. வளர்த்தவனப் போல ஊர் சுத்துது."

"உன்ர மாடு சுத்தாதுதான். என்ர தரையில தின்னுட்டு அங்கேயே படுத்துக் கிடக்கும்!"

பதினான்கு பேரும் சிரித்தார்கள். எருக்கலை பற்றி ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். நான் வாயே திறக்கவில்லை. கொழும்பில் பயிற்சியின்போது திட்டத்தின் தலைவர் கனகரத்தினம் சேர் சொன்னது இதைத்தான்: நீங்கள் பேசாமல் இருக்கும் நேரம் கூடக்கூட வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வர ஆறரை. பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்து, எங்களை இறக்கிச் சோதித்தார்கள். பிள்ளை அழுதழுது முகம் வீங்கி இருந்தது. இவர் அவளை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். ஏசியிருக்கலாம்.

பெப்ரவரி 16

இன்று தாள் தயாரித்தோம். ஏழு இடங்கள். சனிக்கிழமை தோறும் ஒருவர் போய்ப் பார்த்துக் குறிக்க வேண்டும். காட்டோரம் கிடக்கும் இரண்டு இடங்களை வீரக்குட்டி அண்ணன் எடுத்துக்கொண்டார். அவரை விட அந்தப் பக்கம் தெரிந்தவர் இல்லை. ஆனால் அவருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் நான் ஒரு வழி சொன்னேன். முழுதும் கறுத்த வட்டம் என்றால் நல்லது, பாதி கறுத்தால் நடுத்தரம், வெறும் வட்டம் என்றால் மோசம். குளம், பாதை, ஏழு இடங்கள் எல்லாவற்றையும் ஒரு படமாகக் கீறி, வட்டங்களை நானே போட்டுக் கொடுத்தேன்.

"இது எனக்கு விளங்கும்" என்று படத்தை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

பேர் போட வேண்டாம், கந்தோர்ச் சீலும் வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சீல் உள்ள கடதாசி காட்டோரத்தில் அந்தப் பக்கத்து இயக்கக்காரரின் கையில் அகப்பட்டால், யாருக்காக வேவு பார்க்கிறாய் என்று கேட்பார்கள். நியாயம்தானே? ஒத்துக்கொண்டேன்.

தாளை நான் கொண்டுபோகவில்லை. தாள் மக்களிடம்தான் இருக்க வேண்டும், அதிகாரி வைத்திருக்கக் கூடாது – அதுவும் பயிற்சியில் சொன்னதுதான். வீரக்குட்டி அண்ணன் அதைப் பொலித்தீன் பையில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

பெப்ரவரி 28, ஞாயிறு

வீரக்குட்டி அண்ணனைப் பிடித்துவிட்டார்கள்.

அபூதாஹிர் காக்கா காலையிலேயே துறையில் படகேறி வந்து சொன்னார். குசினி வாசலில் நின்றார், கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. நேற்று மூன்று மணிக்கு, காட்டோரத்திலிருந்து வரும் வழியில் காவலரணில் மறித்திருக்கிறார்கள். சட்டைப் பையில் தாள்.

"பேர் இல்ல, சீல் இல்ல, எழுத்தும் இல்ல மிஸ். பாதையும் குளமும் வட்டமும்தான். பாதி வட்டம், முழு வட்டம். அவனுகள் என்னண்டு நினைப்பானுகள்?"

என்னென்று நினைப்பார்கள்?

மார்ச் 1

சீதேவி அக்காவோடு முகாம் வாசலுக்குப் போனேன். அவர் வீரக்குட்டி அண்ணனின் மனைவி. சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று மணித்தியாலம் நின்றார். காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போதே இவர் போக வேண்டாம் என்றார். "உம்மட கையெழுத்து அதில கிடக்கோ?" என்று கேட்டார். இல்லை. வட்டம் மட்டும்தான். "அப்ப பேசாம இரும். பிள்ளையை நினைச்சுப் பாரும்." நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அதிகாரி இளைஞர். என்னை விடக் குறைந்த வயதாக இருக்கும். தமிழ் கதைத்தார். மேசையில் அந்தத் தாள்.

"புல்லுக்கு ஏன் வரைபடம்?"

சொன்னேன். மாடு, மடிப் பால், வண்டு, எருக்கலை எல்லாம் சொன்னேன். அந்த அறையில் நின்று சொல்லும்போது எனக்கே அது பொய் போலக் கேட்டது.

"உங்கட கந்தோர்த் தாள் எண்டா சீல் எங்கே?"

"மாட்டுக்காரர்தான் வேண்டாமெண்டு சொன்னவை."

"ஏன் வேண்டாம்?"

உங்களுக்குப் பயந்தும் இயக்கத்துக்குப் பயந்தும் என்றா சொல்வது?

பிறகு கேட்டார். "இந்த வட்டங்களைப் போட்டது ஆர்?"

நான் சொன்னேன் – "நாங்கள் எல்லாரும் சேர்ந்து."

"எல்லாரும் எண்டா? எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறீங்களா?"

சீதேவி அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். பெப்ரவரி 16 அன்று அவரும் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் நின்றவர். நான் கீறியதைப் பார்த்தவர். பார்சலை மேசையில் வைத்தார். அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் என்று ஒரு சொல். அது வாயில் வரவில்லை.

மார்ச் 2

கூட்டநாள். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் வந்தார்கள். மருத மரத்தின் கீழ் வட்டமாக இருந்தார்கள். வழக்கமாக வேரோரம் இருப்பவரின் இடத்தை விட்டுவிட்டு மற்றவர்கள் இருந்தார்கள். ஒருவரும் எண்ணவில்லை.

எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஒருவர் தொடங்கினார். கிண்ணியாக்காரரைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. அபூதாஹிர் காக்கா எழுந்தே விட்டார். "அவன அவன்ர மாட்டோட சேர்த்து ஏசினவன் நான். முகத்துக்கு நேர ஏசினவன் காட்டிக்குடுப்பானா?" பிறகு திரும்பத் தரையில் இருந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அந்தத் தாளே போதும் என்று சொல்ல நினைத்தேன். தாளைக் கீறியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.

மார்ச் 4

முடிவெடுத்துவிட்டுப் போனேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். இவரிடம் சொல்லவில்லை. வட்டம் போட்டது நான், அவர் சுமந்தவர் மட்டுந்தான் – வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

வாசலில் வேறொரு அதிகாரி. அந்த ஆளை நேற்றே இங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள். எங்கே? தெரியாது. தாள்? அதுவும் ஆளோடு போய்விட்டது.

மூன்று நாள் பிந்திவிட்டேன். மூன்று நாள்.

மார்ச் 11

கனகரத்தினம் சேருக்கு இரண்டாவது கடிதம். இது எங்கள் திட்டத்தின் வேலை என்று கந்தோர்த் தலைப்பில் ஒரு வரி போதும் சேர், ஒரு வரி.

மார்ச் 19

பிள்ளை இரண்டு நாளாக முலையைப் பிடித்துவிட்டு அழுகிறாள். வற்றிவிட்டது. மாப்பால் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் இவர்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. சீதேவி அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டவில்லை. பட்டியில் மாடு இல்லை. "தேடப் போக ஆளில்ல, பிள்ளை" என்றார். அபூதாஹிர் காக்கா தன் மாடுகளோடு சேர்த்துத் தேடிக் கொண்டுவருகிறாராம். "திட்டித் திட்டித்தான் கொண்டுவாறார். இவரத் திட்டுறது போலயே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் வந்திருக்கலாம்.

மே 6

கொழும்பிலிருந்து பார்சல். பதில் என்று நினைத்துப் பிரித்தேன். அறிக்கை. அழகாக அச்சடித்திருக்கிறார்கள். ஐந்து அடையாளங்களும் ஒரு பெட்டிக்குள். என் வட்டங்களும் இருக்கின்றன: "எழுத்தறிவு இல்லாதோரும் பயன்படுத்தத்தக்க எளிய முறை." பங்கேற்றோர் பதினான்கு என்று போட்டிருக்கிறது.

உள்ளே சின்னத் துண்டு. இந்த விடயத்தில் தலையிட்டால் திட்டம் முழுவதும் நின்றுவிடும், நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள் என்று கனகரத்தினம் சேர் தன் கையால் எழுதியிருக்கிறார்.

புரிந்துகொண்டேன். நானும் அதைத்தானே செய்தேன், மேசைக்கு முன்னால் நின்று.

மே 25

கச்சேரியில் அறிக்கையைக் கொடுத்தேன். "பாதுகாப்பு நிலைமை சீரானதும் தரை திறப்பது பற்றிப் பார்ப்போம்." வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்கள்.

ஜூன் 22

காட்டோரத்து இரண்டு இடங்களையும் பார்க்க ஒருவரும் போவதில்லை. மற்ற ஐந்து இடங்களிலும் வெறும் வட்டம். தாளில் இல்லை. இப்போது வாயால் மட்டும் சொல்கிறார்கள், நான் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 18, ஞாயிறு

உயிரோடு இருக்கிறார்.

செஞ்சிலுவைக்காரர் கொண்டுவந்து கொடுத்த கடதாசியோடு சீதேவி அக்கா பஸ் ஏறி வந்தார். தெற்கே ஒரு தடுப்பு முகாம். வேறு யாரோ எழுதிக் கொடுத்த மூன்று வரி. "நான் சுகம். கால் கொஞ்சம் நோகுது. மாடுகள் எப்படி?" கீழே கைநாட்டு.

பதில் எழுதத்தான் என்னிடம் வந்திருக்கிறார். கடதாசியின் மேலே அச்சடித்திருக்கிறது, குடும்பச் செய்தி மாத்திரம் எழுதவும் என்று. இடப்பேர் எழுதக்கூடாது, படம் கீறக்கூடாது. எழுத்துத் தெரியாத மனிதருக்கு எழுத்து மட்டும்தான் போகும். யாரோ வாசித்துக் காட்ட வேண்டும்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மாடு திரும்பி வராததைச் சொன்னபோது என் கை நின்றுவிட்டது. அது அடையாளம் அல்லவா? அவர் சொன்ன ஐந்தாவது அடையாளம். யாராவது வேறு விதமாக எடுத்துக்கொண்டால்?

"என்ன பிள்ளை நிக்குது? எங்கட மாடு எங்கட வீட்டுக்கு வரேல்ல. இது வீட்டுச் சங்கதிதானே?"

எழுதினேன். முடிவில், என்னுடைய ஒரு வரியும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். என்ன வரி என்று அக்கா கேட்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவினார். "அது அவர் வந்த பிறகு நீங்களே சொல்லுங்கோ. இதில வேண்டாம், வாசிக்கிறவங்கள் அந்த வரிய வெட்டிப்போடுவாங்கள்."

அனுப்பிய கடிதத்தின் பிரதி இது. மறக்கக் கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

சீதேவி எழுதுவது. உங்கள் கடதாசி கிடைத்தது. நாங்கள் சுகம். வெள்ளைச்சி சித்திரையில் கன்று போட்டது, கிடாரிக் கன்று. அதற்குப் பால் காணாது. மாடுகள் பொழுது சாய்ந்தும் தானாக வருவதில்லை, அபூதாஹிர்தான் தேடிப் பிடித்து வருகிறார். உங்களை ஏசிக்கொண்டுதான் வருகிறார். உங்கள் இடத்தில் ஒருவரும் இருப்பதில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். காலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். இதை எழுதித் தருவது மிஸ். அவவுக்கு உங்களிடம் நேரில் சொல்ல ஒரு கதை இருக்கிறதாம். யாரைக் கொண்டாவது எழுதுவித்து, கெதியாய்ப் பதில் போடுங்கள்.