வேலிக்கு வெளியே ராக்காயி

பீடோர்,
1927 ஜூலை 12.

அன்பு மகன் சூசைக்கு அம்மா எழுதுவது. ராக்காயிக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தபோது அந்த லயத்து வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் தங்கை பாப்பா, ராக்காயியின் புருஷன் சன்னாசி, அவன் அண்ணன் உடையப்பன், மருத்துவச்சி முத்தம்மா. வேறு ஒருவரும் இல்லை. இதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் உன் சுகத்தை விசாரிக்கிறேன், தப்பாக நினைக்காதே. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் படுக்கையில் விழாமல் நடமாடுகிறோம். பினாங்கில் கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா, இருமல் நின்றதா, குருமடத்தில் வயிறாரச் சோறு போடுகிறார்களா என்று அப்பா தினமும் என்னைக் கேட்கிறார், எனக்கு எப்படித் தெரியும்.

ராக்காயியை உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசி லயத்தில் இருந்தவள், நம் வீட்டுச் செபமாலைக்கு வந்து வாசலுக்கு வெளியே மண்ணில் உட்காருவாளே, அவள்தான். உள்ளே வா என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும், லாசர் கங்காணி இருக்காரு அக்கா என்று சொல்லி வரமாட்டாள். கங்காணியும் வேதக்காரர்தான், நம் கோவிலுக்குப் பெரியவர்தான், ஆனாலும் அவள் சாதி அவருக்கு ஆகாது. போன மாதம் மழையோடு வந்த காய்ச்சல் அவளைப் பிடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொடுத்த கொய்னா மருந்துக்கும் அடங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பாப்பா ஓடிவந்து கூப்பிட, நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அந்தத் தண்ணிய ஊத்துங்கக்கா, செத்தா உங்க ஆளா சாவணும்" என்றாள். சன்னாசியைப் பார்த்தேன், அவ இஷ்டம் அக்கா என்றான். சேசுவை விசுவசிக்கிறாயா, பாவங்களுக்கு மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். ஞானோபதேசக் குறிப்பிடத்தில் நான் எழுத்துக்கூட்டிப் படித்து மனப்பாடம் செய்தபடியே, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தைச் சொல்லி ஒரு வார்த்தை பிசகாமல் கொடுத்தேன். மரியாள் என்று பேர் வைத்தேன். பொழுது சாயும் முன்னே போய்விட்டாள்.

இனிமேல்தான் கேள். மறுநாள் காலையில் முத்தம்மா அவளைக் குளிப்பாட்டினாள். இந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் குளிப்பாட்டுவது அவள்தான், குளிப்பாட்டி முடித்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசுவது அவள் கை வழக்கம். அதே வழக்கத்தில் இவளுக்கும் பூசிவிட்டாள். நான் சிலுவை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் தாப்பாவிலிருந்து செபாஸ்டியன் உபதேசியார் வந்து அந்த நெற்றியைப் பார்த்துவிட்டார். முத்தம்மா பதறி முந்தானையால் துடைத்தாள், என் கை செஞ்ச வேலை சாமி, அவ மேல ஒரு குத்தமும் இல்ல என்று அவர் காலில் விழுந்தாள். அவர் பின்னால் கங்காணி நின்றார். இது அஞ்ஞானிச் சவம், மந்திரித்த கல்லறை நிலத்தில் வைக்க முடியாது என்று உபதேசியார் சொன்னார். பொம்பளை ஊற்றிய தண்ணீருக்குச் சாட்சி யார் என்றார் கங்காணி. இருந்த எல்லாரையும் பேர் பேராகச் சொன்னேன். நீ பெற்ற பிள்ளை ஒன்று, மற்றதெல்லாம் அஞ்ஞானிகள், நல்ல சாட்சிதான் என்று சிரித்தார். சாகிற ஆபத்தில் யார் ஊற்றினாலும் செல்லும் என்று குறிப்பிடத்தில் இருக்கிறதே என்று உபதேசியாரைக் கேட்டதற்கு, குறிப்பிடத்தை நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம் என்றார். திருநீறா அவர்கள் கவலை? வெட்ட வேண்டிய குழி கங்காணியின் தகப்பனார் கல்லறைக்குப் பக்கத்தில் வருகிறது, அதுதான் காரணம். இல்லையென்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

கல்லறைத் தோட்டத்துக் கம்பி வேலிக்கு வெளியே லாலான் புல் மண்டிக் கிடக்கிற இடத்தில் சன்னாசியும் உடையப்பனும் குழி வெட்டினார்கள். உபதேசியார் செபம் சொல்ல வரவில்லை, நானே சொன்னேன். மண்ணைத் தள்ளி முடித்துவிட்டு சன்னாசி, "அக்கா, உங்க சாமி இவள வேண்டாம்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டான். "சாமி சொல்லல தம்பி, லாசர் சொன்னாரு" என்றேன். வேலிக்கு உள்ளே நின்ற கங்காணி காதில் அது விழுந்தது, விழட்டும் என்றுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உபதேசியார் எழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் எல்லார் முன்னாலும் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும், சொல்லுகிறவரை நம் வீட்டில் செபமாலை கூடக்கூடாது என்றார். திங்கட்கிழமை விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அப்பாவை மேட்டுக் காட்டுக்கு மாற்றிவிட்டார் கங்காணி. முழங்கால் வலியோடு அந்த ஏற்றத்தில் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறார். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன், கங்காணியப் பகைச்சிக்கிட்டு இங்க எப்படி பொழைக்கிறது என்கிறார். சோற்றில் கல் கிடந்தால் என் தப்பு என்று சொல்வேன், இதைச் சொல்ல மாட்டேன் என்றேன். இதைச் சொன்னால் அவளை நானே இன்னொரு தரம் வெளியே தள்ளினதாகும். அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது எனக்கும் மனசு ஆடத்தான் செய்கிறது, உன்னிடம் மறைப்பானேன். நீ போன கடிதத்தில், கஷ்டத்தையெல்லாம் பொறுத்து ஒப்புக்கொடுங்கள் அம்மா என்று எழுதியிருந்தாய். என் மேல் விழுவதை நான் பொறுக்கிறேன், மேட்டுக் காட்டை அப்பா பொறுக்கிறார். செத்தவளுக்குச் செய்த அநியாயத்தைப் பொறுக்க எனக்கு யார் உத்தரவு கொடுத்தது? அங்கே படிக்கிற படிப்பில் அப்படி ஏதும் இருந்தால் எனக்கும் காட்டு.

ஆகஸ்டு மாதம் மாதா திருநாளுக்கு சுவாமியார் பூசை வைக்க வருகிறார். அதற்குள் உங்கள் குருமடத்துப் பெரிய சுவாமியாரிடம் போய், சாகிற ஆபத்தில் ஒரு பெண்பிள்ளை ஊற்றிய தண்ணீர் செல்லுமா, செத்த பிறகு வேறு யாரோ நெற்றியில் எதையோ பூசினால் ஞானஸ்நானம் போய்விடுமா என்று கேள். சுற்றி வளைக்காதே, செய்தது என் அம்மா என்று சொல்ல வெட்கப்படாதே. அவர் சொல்லுகிறதை அப்படியே எழுது, நான் சுவாமியார் கையில் கொடுப்பேன். செல்லாது என்று சொன்னாலும் மறைக்காமல் எழுது. அவளை உள்ளே எடுக்காவிட்டால், நான் செத்தால் என்னையும் வெளியே அவள் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நீ குருப்பட்டம் வாங்கி வருகிறவன், நீ எழுந்து போகக்கூடாது. என்னை அங்கே வைத்துச் செபம் சொல்லுவாயா மாட்டாயா என்பதையும் சேர்த்து எழுது.

சேசுவும் மாதாவும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். மழையில் நனைந்த துணியோடு படிக்க உட்காராதே, மிளகுக் கஷாயத்தை விடாதே. பதிலைச் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
இன்னாசியம்மாள்