பத்துக்குப் பத்து போட்ட கேள்வி

பெல்மோர் கவுண்டி, மிசோரி
அக்டோபர் 9

தம்பி ராய்ஸுக்கு,

அக்கா வெல்டாவின் அன்பும் ஆசியும். இங்கே நானும் கோழிகளும் சுகம். இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குத்தான் சுகமாக இருந்தது? செயின்ட் லூயிஸில் மகள் கேசி வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா என்று அவளை ஒரு வரி எழுதச் சொல். நீயாக எழுத மாட்டாய், அழுத்தக்காரன்.

நீ அனுப்பிய நாலு வரிக் கடிதம் வந்து சேர்ந்தது. நிலத்தை விற்கப் போகிறாய். வாங்க வருகிற சின்னஞ்சிறுசுகள் இரண்டு பேரும் உன்னைப் போலவேதான். நகரத்தில் என்றைக்காவது கரண்டும் தண்ணீரும் கடையும் ஒரேயடியாக நின்றுபோகும் என்று பயந்து, சொந்தக் கையால் பயிர் வைத்துப் பிழைக்க ஒரு மூலை தேடுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், இங்கே குடிவரலாமா என்று நீ அனுப்பிய கேள்வித்தாளில் நம் கவுண்டிக்குப் பத்துக்கு இத்தனை என்று நான் மார்க் போட்டு அனுப்பினேனே, அதையே அவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பு என்கிறாய்.

அனுப்ப மாட்டேன், ராய்ஸ். அந்தத் தாளை நம்பி இன்னொரு குடும்பம் வரக்கூடாது.

ஊற்றுத் தண்ணீருக்கு ஒன்பது போட்டேன். நல்ல ஊற்றுதான், ஆனால் பெருமழை பெய்தால் மூன்று நாளைக்குக் கலங்கித்தான் வரும் என்று எழுதவில்லை. மண்ணுக்கு ஏழு. முப்பது வருஷம் இந்த மலை ரோடுகளில் ஸ்கூல் பஸ் ஓட்டியவள் நான். எந்த வயலில் யார் கல் பொறுக்கிப் பொறுக்கி முதுகு ஒடிந்தார் என்று எனக்கா தெரியாது? நாலே அதிகம். ஆஸ்பத்திரி என்ற இடத்தில் "இருக்கிறது" என்று ஒரே வார்த்தை எழுதினேன். இருக்கிறதுதான், ஐம்பது நிமிஷத் தூரத்தில்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்டதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் வால்டர் செத்துப்போன வருஷம் அது. நாற்பது வருஷம் ஒருத்தரோடு சண்டை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது என்ன கொடுமை என்று அப்போது உனக்குத் தெரியாது. நீ பக்கத்து மலைக்கு வந்தால் தேவலை என்று இருந்தது. அதனால் மார்க்கைக் கூட்டிப் போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வி நினைவிருக்கிறதா? வெளியாள் கண்ணில் படாமல் வாழ முடியுமா என்று. அதற்கு மட்டும் பத்துக்குப் பத்து. ஓரத்தில் வேறு, "இந்த மலைக்குப் பிசாசுகூட வழி கேட்டுத்தான் வரணும்" என்று கிறுக்கினேன். அதைப் படித்து நீங்கள் புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்ததாக மார்னி சொன்னாள்.

வந்த முதல் வாரமே தபால் பெட்டியைப் பிடுங்கினாய். வாசல் கேட்டுக்கு முன்னால் தேவதாரு நட்டு மறைத்தாய். அப்புறம் ரோட்டோரக் கம்பத்தில் 1184 என்று உன் வீட்டு நம்பர் போட்டிருந்த பச்சைப் பலகை. நாலு பேருக்குச் சோறு இருக்கும் வீடு எது என்று நாளைக்குப் பசித்தவனுக்குத் தெரியக்கூடாது என்றாய். துருப்பிடித்த திருகைத் திட்டிக்கொண்டே நீ கழற்றினாய். ஸ்க்ரூடிரைவர் என்னுடையது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டது நான். மார்னி ஒருத்திதான், "அக்கா, ஒரு அவசரம்னா யாருக்கு வழி தெரியும்?" என்று கேட்டாள். நான் பெரிய மேதாவி மாதிரி, "அடி போடி, ஆம்புலன்ஸ் ஓட்டுற பசங்க எல்லாம் என் பஸ்ல வந்தவனுங்க, மோப்பம் புடிச்சே வந்துருவானுங்க" என்றேன்.

ஜூன் மாதம் அந்தக் காலையில் நீ கீழ்க்காட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்தாய், உனக்கு ஒன்றும் தெரியாது. நான் ரேடியோவில் கேட்டேன். ஆம்புலன்ஸ்காரர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ, இங்கே எல்லார் வீட்டிலும் போல, என் சமையலறையில் எந்நேரமும் ஓடும். பீன்ஸ் பறித்துவிட்டு உள்ளே வருகிறேன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிற டெல்மர் கத்துகிறான்: "தேனீ கொட்டி மூச்சுத் திணறுதுன்னு போன் பண்ணிருக்காங்க. 1184 எங்கய்யா இருக்கு? 1160 இருக்கு, 1210 இருக்கு, நடுவுல வெறும் காடுல்ல இருக்கு!" போன் போட்டு வழி சொன்னேன், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியும் வந்தேன். அதற்குள் அவன் உன் கேட்டை இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தான். பாவம், ஆற்றங்கரைப் பையன், உன் மலைக்கு ஒரு நாளும் வந்தவனில்லை. யாரைத்தான் நீ வரவிட்டாய்?

மார்னியின் அடக்கத்தன்று எல்லார் முன்னாலும், "பலகையைக் கழட்டினது நான், அவளைக் கொன்னது நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நாலு மாதமாக அந்தப் பாரத்தை உன்னைத் தனியாகச் சுமக்கவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் சும்மா. பாதி என்னுடையது, ராய்ஸ். பாதிக்கு மேலேயே என்னுடையது.

போன ஞாயிறு டெல்மர் வந்தான். அவனும் என் முகத்தைப் பார்க்க மாட்டாமல்தான் திரிந்துகொண்டிருந்தான். இரண்டு பேருமாக உன் இடத்துக்குப் போனோம். பலகையைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னாயே, அது குப்பையோடு போகவில்லை. மார்னி அதை எடுத்துத் துடைத்து, தேன் எடுக்கும் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். நாலு திருகும் பக்கத்தில் ஒரு ஜாடியில் பத்திரமாக இருந்தன. அதைப் பார்த்துவிட்டு டெல்மர் தொப்பியைக் கழற்றினான். நான் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சின்னஞ்சிறுசுகளுக்குப் புதுத் தாள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துவிட்டுக் கொடு. தண்ணீர், மண், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ளபடி. கடைசிக் கேள்விக்கு மார்க் போடவில்லை. ஒளிந்து வாழ முடியும், வாழாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன்.

விற்பதானால் விற்றுக்கொள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு தடவை வா. என்னை நிற்கவைத்துத் திட்டவாவது வா, கேட்டுக்கொள்கிறேன். கேட்டை மறைத்த தேவதாருவை வெட்டிவிட்டோம். பலகையை அவள் ஜாடியில் வைத்திருந்த அதே திருகுகளால் முடுக்கிவிட்டோம். வளைவில் திரும்பும்போதே 1184 பளிச்சென்று தெரிகிறது. இனி யார் வந்தாலும் தாண்டிப் போக மாட்டார்கள். நீயும் தாண்டிப் போய்விடாதே.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அக்கா வெல்டா