சுவருக்கு எந்தப் பக்கம்

நவம்பர் 2, இரவு

காலையில் பதிப்பகத்துப் பெண் போன் செய்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய நாவலில் ஆர்.சி. கத்தோலிக்கப் பெண்ணும் புராட்டஸ்டன்ட் பையனும் காதலிக்கிறார்கள். இரண்டு வீடும் வெட்டுப்பழி குத்துப்பழி என்று நிற்கின்றன.

"ரெண்டு பேரும் கிறிஸ்டியன்தான சார், இதுல எங்க சண்டை? பையன இந்துவா மாத்திருங்க. இல்லேன்னா புத்தகம் கஷ்டம்."

நிருபராக இருந்தபோது மேலூர்ப் பக்கம் இந்தச் சண்டைகளைப் பற்றியே செய்தி எழுதப் போனவன் நான். விளக்கினேன். சிரித்தார்.

எரிச்சல் அடங்கவில்லை. கல்லறைத் திருநாள் என்பதால் என் மனைவி ரோஸி தன் அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போனாள். எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் அந்த வழக்கம் இல்லை. வழக்கம்போல் நான் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே வண்டியில் காத்திருந்தேன். வீடு திரும்பியதும் புலம்பித் தீர்த்தேன்.

விரலில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "சண்டை இல்லேன்னா நல்லதுதான். உங்களக் கட்டிக்கிட்டதுக்கு, நான் செத்தா எங்க ஃபாதரும் எடுக்க மாட்டாரு, உங்க பாஸ்டரும் எடுக்க மாட்டாரு. சுவத்துக்கு எந்தப் பக்கம் புதைப்பாகன்னு அந்தப் பதிப்பகத்துப் பிள்ளைகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

பையனை மாற்ற முடியாது என்று பதிப்பகத்துக்குப் பதில் அனுப்பிவிட்டேன். ரோஸிக்கு இன்னும் சொல்லவில்லை.