பத்து மீட்டருக்குள்

பிப்ரவரி 11

அக்காவுக்குக் கீபோர்டு வாங்கியாகிவிட்டது. கைப்பைக்குள் அடங்குகிற அளவு, ஒயர் கிடையாது. மேலே 1, 2, 3 என்று மூன்று பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போன். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு மினுக்கும். போனில் ப்ளூடூத்தைத் திறந்தால் கீபோர்டின் பெயர் தெரியும். அதைத் தொட்டால் திரையில் ஓர் எண் வரும். அதைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்டினால் இரண்டும் சேர்ந்துவிடும். மினுக்கல் நின்றுவிடும்.

"ஒரு தடவை சேர்ந்துட்டா அப்புறம் தானா ஞாபகம் வச்சுக்கும்மா. பத்து மீட்டர் எட்டும். நடுவுல சுவர் இருந்தா கொஞ்சம் குறையும்," என்றார் கடைக்காரர்.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "வார்த்தையெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, நாக்குதான் ஒத்துழைக்கல" என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். இருபத்தாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டு கிடப்பாள்?

பிப்ரவரி 12

1-இல் அக்காவின் போன். 2-இல் என்னுடையது, சும்மா சோதித்துப் பார்க்க. இடது கையின் ஒற்றை விரலால் என் போனில் அவள் அடித்த முதல் வாக்கியம்: "குட்டி தலையச் சீவு."

எனக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த உலகத்தில் என்னைக் குட்டி என்று கூப்பிட இவள் ஒருத்திதான். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு அத்தான் டீயோடு வந்தார். "சரியாப் போச்சு, இனிமே வீட்டுல நான் வாய் திறக்க முடியாது!"

தெருமுனையில் அவருடைய மருந்துக் கடை. சாப்பாடு, மாத்திரை, உடம்பு துடைப்பது எல்லாம் அவரே. இப்படி ஒரு மனுஷன் வாய்க்க வேண்டுமே என்று ஊரே சொல்கிறது. நானும்தான்.

மார்ச் 2

அக்காவிடமிருந்து செய்தி. "அன்புத் தங்கைக்கு, நான் நலம். எனக்கு ஓய்வு தேவைப்படுகிறது. அடிக்கடி வர வேண்டாம்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

மார்ச் 16

போனேன். காலை பதினொரு மணி. தூங்குகிறாள்.

ஏப்ரல் 6

இன்றும் தூக்கம்தான். முழுத் தூக்கம் இல்லை, கண் பாதி திறந்திருக்கிறது. நெஞ்சின் மேல் கீபோர்டு, அதன் மேல் இடது கை. விரல் மட்டும் அசைகிறது. மேசை மேல் போனைக் காணோம்.

"வெளிச்சம் கண்ணுக்கு ஆகலம்மா. போன் என்கிட்டதான் இருக்கு, காலைல கொஞ்ச நேரம் கொடுப்பேன்," என்றார் அத்தான். "பலகைய மட்டும் விட்டு வச்சிருக்கேன். தட்டிக்கிட்டே கிடப்பா, பாவம். போன் இல்லாம அது வெறும் பொம்மைதானே?"

நான் தலையை ஆட்டினேன். பஸ் ஏறிய பிறகும் மனசு ஏனோ ஒரு நிலையில் இல்லை.

மே 3

மார்ச்சிலிருந்து அக்கா பெயரில் வந்த செய்திகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தேன். ஒரு பிழை இல்லை. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒற்றை விரலால் அடிக்கிறவளுக்கு இவ்வளவு சுத்தம் வருமா? ஒன்றில்கூட "குட்டி" இல்லையே?

சே, என்ன புத்தி எனக்கு. அத்தானைப் போய்.

மே 18

ஒழுங்காக எழுத வேண்டும், ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

பஸ்ஸில் பாட்டுக் கேட்க ஒயர் இல்லாத இயர்போன் போட்டிருந்தேன். அதனால் ப்ளூடூத் திறந்தே இருந்தது. மற்ற நாளில் சார்ஜ் போய்விடும் என்று அணைத்து வைப்பேன்.

அக்கா அறைக் கதவு சாத்தியிருந்தது. "இப்பத்தான் கண்ணசந்தா," என்று சொல்லிவிட்டு அத்தான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எனக்காக ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தார். அச்சக முதலாளி ஒரு பாடப் புத்தகப் பக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். பதில் அடிக்க ஆரம்பித்தேன். திரையில் எழுத்துகளைத் தொட்டு அடிக்கிற பகுதி திடீரென்று கீழே இறங்கி மறைந்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை.

பிறகு ஓர் எழுத்து வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"குட்டி"

என்டர் விழுந்ததும் அது முதலாளிக்கே போய்விட்டது. அவரிடமிருந்து உடனே பதில்: "யாரும்மா குட்டி?"

"என்னம்மா, ஆபீஸா?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான். முதலாளி."

"போன் அவர்கிட்ட"

"எதும் நான் எழுதல"

"மாத்ரை நாலு தினம்"

"டாகடர் அரை சொனார்"

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் தேடித் தேடி அழுத்துகிறது. இந்தப் பக்கம் கத்தி ஆப்பிளைச் சுற்றி வருகிறது. தோல் அறுபடாமல் ஒரே நீளமாகத் தொங்கியது.

கடைசி வரி: "காட்டிகாத. சிரி"

சிரித்தேன். சிரிச்சேன்டி அக்கா. அவர் நீட்டின துண்டை வாங்கித் தின்னேன். நல்லா இருக்கு அத்தான்னு சொன்னேன்.

மே 19

அச்சக வாசலில் முதலாளி காத்திருந்தார். நேற்று வீடு திரும்பியதுமே போனில் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். இரவெல்லாம் அந்த ஆறு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாராம். "டாக்டர்கிட்ட நானும் வரேன். நேரத்தோட எல்லாம் என் போன்லயும் இருக்கு."

டாக்டர் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். "தூக்க மாத்திரை, தினம் அரைதான். அதுவும் ரெண்டே வாரத்துக்கு." சீட்டைக் கீழே வைத்தார். "திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. நாளைக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு பண்ணிட்டு, வழக்கமா பார்க்க வர்ற மாதிரி போறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க."

நாளைக்கா? இன்றைக்கும் நாலு உள்ளே போகுமே?

மே 20

பத்து மணிக்கு டாக்டர் அங்கே போனார். பதினொன்றுக்கு அக்கா வெளியே வந்தாள், ஸ்ட்ரெச்சரில். எடை பாதி.

அத்தான் கூடவே நடந்து வந்து போர்வையைச் சரிசெய்தார். "அவ நிம்மதிக்காகத்தான் டாக்டர். முழிச்சிருந்தா அழுதுக்கிட்டே இருக்கா. யாரால பார்க்க முடியும்? தூங்கினா அவளுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது."

அவர் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

மே 21

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அக்கா அடித்தது அத்தனையும் உண்மை.

ஜூன் 14

அக்கா இப்போது என் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில். பகலில் விழித்திருக்கிறாள். இன்று கேட்டுவிட்டேன். எப்போது முதன்முதலாக 2-ஐ அழுத்தினாய்?

"மார்ச்" என்று என் போனில் விழுந்தது.

"நான் வந்தப்பவா?"

"உன் குரல் கேக்கும். அடிப்பேன். லைட் மினுக்கும். நிக்காது"

"எத்தனை தடவை?"

கணக்கு டீச்சர். யோசிக்கவே இல்லை.

"அஞ்சு. ஆறாவதுல நின்னுது"

ஐந்து முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஐந்து முறையும் ப்ளூடூத்தை அணைத்து வைத்த போனோடு. எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். மறுபடி கழுவினேன்.

ஜூலை 5

புகார் கொடுத்து ஒரு மாதம். விசாரணை நடக்கிறது என்கிறார்கள். இன்று வேறு வேலையாக அந்தத் தெரு வழியே போக வேண்டியிருந்தது. கடை திறந்திருக்கிறது. ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். ஒரு பெண்மணியிடம் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துப் பொறுமையாக விளக்குகிறார்: "சாப்பிட்ட பிறகு போடுங்கம்மா. பயப்படாதீங்க."

என்னைப் பார்த்துவிட்டார். நகராமல் நின்றேன். அவரே குரல் கொடுத்தார், எல்லோர் முன்னாலும், பழைய வாஞ்சையோடு:

"அக்கா எப்படிம்மா இருக்கா? நல்லா தூங்குறாளா?"

நின்றிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தூங்குறதே இல்ல அத்தான்," என்றேன். "பொழுதுக்கும் பேசிக்கிட்டே இருக்கா. உங்களப் பத்திதான். இன்ஸ்பெக்டரம்மா பக்கத்துல உட்கார்ந்து எழுதிக்கிறாங்க."

கத்தரிக்கோல் நின்றது. சிரிப்பு அப்படியே இருந்தது.

அந்தப் பெண்மணி கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மேசை மேலேயே வைத்துவிட்டுப் படி இறங்கினாள்.